ஆடியில் வந்த வீட்டுக்காரி

ஜபல்பூரிலிருந்து ரயிலில் வந்து, திருநெல்வேலி ஜங்ஷன் பக்கத்து லாட்ஜில் பையை வைத்துவிட்டுச் சேரன்மகாதேவிக்குப் பஸ் ஏறியபோது, சொர்ணாம்பாளின் ஒன்பது நாள் லீவில் பயண நாள் போக நான்கு நாள்தான் மிச்சம் இருந்தது. அதற்குள் தன் வீட்டைக் காலி செய்யவைக்க ஒரு வழி பண்ணியாக வேண்டும். அக்டோபர் கடைசியோடு விருப்ப ஓய்வு. குவார்ட்டர்ஸ் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டால், அதற்குப் பிறகு போய் இறங்க இந்த வீட்டைத் தவிர அவளுக்கு வேறு இடம் கிடையாது.

இரண்டு தம்பிகள் இருந்தார்கள். அவள் படிக்கவைத்தவர்கள்தான். அவர்கள் வீட்டுக்குப் போனால் முதல் நாள் காபி கிடைக்கும்; இரண்டாம் நாள் "எப்பக்கா டிக்கெட்?" என்ற கேள்வியும் கிடைக்கும்.

அரிசி ஆலையில் மூட்டை தூக்கியவரின் மகள் அவள். அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள். இருபத்து மூன்று வயதில் ஜபல்பூரில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்து இருபத்தொரு வருஷம் ஆகிவிட்டது. கல்யாணத்தைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை. அவளும் எடுக்கவில்லை. கடன் போட்டு, கடிதத்திலேயே கொத்தனாரோடு வாதாடி, இந்த வீட்டைக் கட்டினாள். முடிந்த அன்று வர லீவு கிடைக்கவில்லை. பூட்டிப் போட வேண்டாமென்று குற்றாலலிங்கத்துக்கு வாடகைக்கு விட்டாள். புது வீட்டில் பால் காய்ச்சியதும் அவன் மனைவி கோமுதான். தன் வீட்டில் ஒரு நாள்கூடச் சொர்ணாம்பாள் படுத்து எழுந்ததில்லை.

குற்றாலலிங்கம் கோயில் கொடைத் திருவிழாக்களுக்கு மைக்செட் போடுகிறவன். ஐந்து வருஷம் மணியார்டர் தவறாமல் வந்தது. பிறகு, "கொடை முடிஞ்சதும் அனுப்புகிறேன்" என்று கார்டு வந்தது. கடைசிப் பதினாலு மாதமாகப் பணமும் இல்லை, கார்டும் இல்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் கால் வைக்க இடமில்லை. கூடம் முழுக்கக் குழாய் ஸ்பீக்கர்கள் வாயைத் திறந்துகொண்டு கிடந்தன. கோமு ஒன்றைத் தள்ளிவிட்டு நாற்காலி போட்டாள்.

"அவுக இல்லக்கா. ஆடில்லா? தெனம் ஒரு ஊர்ல கொடை. துணி மாத்தக்கூட வரல்ல."

சொர்ணாம்பாளுக்கு அப்போதுதான் உறைத்தது. லீவு விண்ணப்பத்தில் அவள் ஜூலை என்று எழுதியிருந்தாள். ஜபல்பூரில் ஜூலை வெறும் ஜூலைதான். அது ஆடி என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

"வீடு வேணும் கோமு. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

"ஆடியில எவளாவது வீடு மாறுவாளாக்கா? பெட்டியத் தூக்கிட்டுப் போனா எவன் வீடு குடுப்பான்? நீங்களும் நம்ம ஊருதான?"

"பதினாலு மாசமா வாடகை வரல்ல."

"தரமாட்டம்னா சொன்னோம்? அந்தப் பணத்துல ஜெனரேட்டர் வாங்கிப் போட்டிருக்காக. அத ஒங்க ஜெனரேட்டர்னுதான் சொல்லுவாக." கோமு சிரித்தாள். பிறகு, "இங்க வந்து ஒத்தையில என்னக்கா செய்யப் போறீய?" என்றாள்.

அதில் குத்தல் எதுவும் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். சொர்ணாம்பாள் நாற்காலியை விட்டு எழுந்தாள்.

மறுநாள் வண்ணார்பேட்டையில் ஒரு வக்கீலைப் பார்த்தாள். வழக்குப் போட்டால் ஏழெட்டு வருஷம் இழுக்கும் என்றார். அதற்கடுத்த நாள் குற்றாலலிங்கத்தைத் தேடி இரண்டு ஊர்களுக்குப் போனாள். இரண்டிலும் பந்தல் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அவன் அடுத்த ஊருக்குப் போயிருந்தான். நான்காம் நாள் உச்சிப் பொழுதில் அவனைப் பிடித்தாள். கன்னடியன் கால்வாய்க்கு அந்தப் பக்கம், வயலுக்கு நடுவே ஓர் அம்மன் கோயில். வழி நெடுகப் பனைமரங்களில் குழாய்கள் கட்டியிருந்தன. ஓலைப் பந்தலின் கீழே மேஜை போட்டு, நன்கொடை கொடுத்தவர்களின் பெயரை மைக்கில் படித்துக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் குரல் மாறியது.

"ஜபல்பூர் மாநகரிலிருந்து நம் அம்மனைத் தரிசிக்க வருகை தந்திருக்கும் அக்கா சொர்ணாம்பாள் அவர்களை வருக வருக என வரவேற்கிறோம்."

பந்தலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் கேசட்டைப் போட்டுவிட்டு எழுந்தான்.

"வாங்கக்கா. கலர் சோடா குடிக்கியளா?"

"வீடு வேணும் தம்பி."

"என்ன வேணும்?" காதைக் காட்டினான். பாட்டின் சத்தத்தைக் குறைத்தான்.

"வீடு."

"ஆடியில போகச் சொல்லுதியளாக்கா? அம்மன் முன்னால நின்னுக்கிட்டு?"

"ஆடியில கேக்கல. ஆவணியில குடுங்க."

"இம்புட்டுத்தானா? ஆவணி பத்துக்குள்ள தாரேன். இதுக்குப் போயி ரயிலேறி வரணுமா? ஒரு கார்டு போட்டா போதாது?"

"பதினாறு கார்டு போட்டேன்."

பக்கத்தில் நன்கொடை நோட்டோடு உட்கார்ந்திருந்த அம்பலவாணன் அண்ணாச்சி சிரித்தார். கொடையை நடத்துகிறவர் அவர்தான். "ஏலே லிங்கம், மாட்டுனியா?"

"நீரு சும்மா இரும் அண்ணாச்சி. சொன்னா சொன்னதுதான்க்கா."

"அப்ப அதை மைக்குல சொல்லுங்க," என்றாள் சொர்ணாம்பாள்.

அதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டு அவள் வரவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. சின்ன வயதில் பார்த்ததுதான்: கொடையன்று அம்மன் முன்னால் மைக்கில் சொன்னதை யாரும் மாற்ற முடியாது. நூறு ரூபாய் தருகிறேன் என்று பெயர் சொல்லிவிட்டுக் கொடுக்காமல் போனவனுக்கு மறு வருஷம் கோயிலில் திருநீறுகூடத் தரமாட்டார்கள். ஊர் ஊராகக் கொடையில் பிழைக்கிறவனுக்கு அது தெரியாமல் இருக்காது.

குற்றாலலிங்கம் மைக்கைக் கையால் பொத்தினான். "வீட்டு விசயத்தப் போயி இதுலயாக்கா?"

"குடுக்கப் போறவனுக்குச் சொல்லுததுல என்னலே?" என்றார் அண்ணாச்சி. இப்போது அவர் சிரிக்கவில்லை.

அவன் பாட்டை நிறுத்தினான். அறிவிப்பாகவே ஆரம்பித்தான். "சேரன்மகாதேவி மைக்செட் குற்றாலலிங்கமாகிய நான், அக்கா சொர்ணாம்பாள் அவர்களின் வீட்டை, ஆவணி பத்தாம் தேதிக்குள், அம்மன் சாட்சியாக..." அங்கே குரல் உள்ளே போய்விட்டது. "காலி செய்து தருகிறேன்," என்று வீட்டில் பேசுகிறவனைப்போல முடித்தான். பனைக்குப் பனை அந்தக் குரல் கால்வாயைத் தாண்டிப் போனது.

திரும்பி நடக்கும்போது சொர்ணாம்பாளின் நடை வேகமாக இருந்தது. இருபத்தொரு வருஷத்தில் முதல் தடவையாக இந்த ஊர்க்காரியாக ஒன்றைச் செய்திருக்கிறோம் என்று நினைத்தாள். கால்வாய்ப் பாலம் தாண்டியதும், செய்தது சரிதானா என்று தோன்றியது. கேட்டது தன் வீட்டைத்தான். தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருந்தால் கொடுத்திருப்பானா? மாட்டான். அது தெரிந்தும் மனம் சமாதானம் ஆகவில்லை.

கோமு வாசலில் நின்றாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் சொர்ணாம்பாளைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டார்கள்.

"கேட்டுச்சிக்கா. தெரு பூராவும் கேட்டுச்சி."

"மைக்குல வாடகைப் பாக்கின்னு ஒரு வார்த்தை சொல்லல கோமு."

"சொல்லணுமாக்கும்? நாளைக்கு நான் கடைக்குப் போவணும்லா." அழவில்லை. கொண்டையை அவிழ்த்து மறுபடி முடிந்துகொண்டாள். "தெக்கு ரூம்பு மழைக்கு ஒழுகும். கெணத்துத் தண்ணி சித்திரையில கலங்கும், வடிகட்டிக்கிடுங்க. சமையல்கட்டு ஜன்னல் சாத்தாது, கயிறு போட்டுக் கட்டியிருக்கேன்."

ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். பைய, சத்தம் இல்லாமல் சாத்தினாள்.

பஸ் நிறுத்தத்தில் மூன்று பெண்கள் பெஞ்சில் இருந்தார்கள். பக்கத்துப் பனையிலும் ஒரு குழாய் கட்டியிருந்தது. அந்த ஊரில், முன்பின் தெரியாதவளாக இருந்தாலும் எங்கே போகிறாய், யார் வீட்டுக்கு வந்தாய் என்று கேட்காமல் விடமாட்டார்கள். சொர்ணாம்பாள் மனசுக்குள் பதிலைத் தயாராக்கி வைத்துக்கொண்டாள்: ஜபல்பூர், நவம்பரில் இங்கேயே வந்துவிடுவேன், மேலத்தெருவில்தான் வீடு. இனி உப்பு வாங்கவும், உடம்புக்கு முடியாமல் போனால் ஒரு வாய் கஞ்சி கேட்கவும் இவர்களிடம்தான் வர வேண்டும்.

பெஞ்சில் இருந்தவர்கள் நகர்ந்து நிறையவே இடம் விட்டார்கள். உட்கார்ந்தாள். பஸ் வரும்வரை அவளிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.