ஏலத்தில் எடுத்த கடைசி மூட்டை

போன மாதம் நான் ஏலத்தில் ஒரு மூட்டை எடுத்தேன். சர்ச் ஏலம்.

என் வீட்டுக்காரரின் சொந்த ஊர் அம்பாசமுத்திரத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருக்கிறது. வருஷா வருஷம் அறுப்பின் பண்டிகைக்கு அங்கே ஆஜராகிவிடுவோம். பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன்... அவரவர் நிலத்தில் விளைந்ததை ஆண்டவருக்குக் காணிக்கையாகக் கொண்டுவந்து வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் வேப்பமரத்தடியில் ஏலம். வாழைத்தார், சேவல், பூசணிக்காய் — அன்றைக்கு எதற்கும் சந்தை விலை கிடையாது. இரண்டு பேர் வீம்புக்குக் கேட்க ஆரம்பித்தால் பூசணிக்காய் பட்டுச்சேலை விலைக்குப் போகும். யாரும் வருத்தப்பட மாட்டார்கள். ஆண்டவருக்குப் போகிற பணம் அல்லவா?

நான் இதுவரை வேடிக்கை பார்த்ததோடு சரி. இந்தத் தடவை ஏலம் போட்ட அண்ணாச்சி ஒரு சின்ன மூட்டையைத் தூக்கிக் காட்டினார்.

"செல்லையா தோட்டத்துக் காப்பிக்கொட்டை! இதான் கடைசி மூட்டை! அடுத்த வருஷம் கேட்டாலும் கெடைக்காது... கேளுங்க, கேளுங்க!"

காப்பி என்று காதில் விழுந்தால் எனக்குக் கை சும்மா இருக்குமா? தூக்கினேன். எதிரே ஒரு ஹார்டுவேர் கடைக்காரரும் தூக்கினார். விடுவேனா? அவர் ஏற்ற, நான் ஏற்ற... "ஒரு தரம்... ரெண்டு தரம்... மூணு தரம்!" மூட்டை எனக்கு. கூட்டம் கை தட்டியது. என் வீட்டுக்காரர் மட்டும் தட்டவில்லை.

பாளையங்கோட்டைக்கு வந்து மூட்டையைப் பிரித்தோம். உள்ளே கறுப்பாக, சுருக்கம் விழுந்து, கல் மாதிரி உருண்டைகள். வாசனையாவது வருகிறதா என்றால் அதுவும் இல்லை.

"ஏட்டி, சுண்டை வத்தலையா இந்த வெலைக்கு எடுத்த?" என்றார் வீட்டுக்காரர்.

எனக்கே அந்தச் சந்தேகம் வந்துவிட்டது. காலையில் காப்பி உள்ளே போகாமல் நான் யாருடனும் பேசியதில்லை. அப்படிப்பட்ட ஆளுக்கு, காப்பி எந்த வேஷத்தில் செடியை விட்டு இறங்குகிறது என்று தெரியவில்லை! செல்போனைத் தடவித்தான் தெரிந்துகொண்டேன். பழத்தை அப்படியே தோலோடு காயவைத்தால் இப்படித்தான் இருக்குமாம். கொட்டை அதற்கு உள்ளே.

சரி, இறங்கியாயிற்று. இடித்தோம், சுளகில் புடைத்தோம். உமி பறந்து பக்கத்து வீட்டில் காயப்போட்ட வேட்டியில் இறங்கியது. அந்தச் சண்டையை இன்னொரு நாள் சொல்கிறேன். கடைசியில் சாம்பலும் பச்சையும் கலந்த நிறத்தில் கொஞ்சம் கொட்டை மிஞ்சியது. அதை எடுத்துக்கொண்டு, வழக்கமாக நான் தூள் வாங்கும் கடைக்குப் போனேன்.

கடை அண்ணாச்சி ஒரு கை அள்ளிப் பார்த்தார். "யாரு தோட்டத்துச் சரக்கு?"

"நம்ம மலையில விளைஞ்சதுதான் அண்ணாச்சி. ஆமா, உங்க கடைக்கு எங்கேயிருந்து வருது?"

"லாரியில இருந்து."

"லாரிக்கு?"

"ஏஜெண்டு ஏத்தி விடுதாரு."

"அவருக்கு?"

"எக்கா, ஒங்களுக்குக் காப்பி வேணுமா, வரலாறு வேணுமா?"

நியாயமான கேள்விதான். பையை நீட்டினேன். அவர் வறுத்தார். கொட்டை படபடவென்று வெடித்ததும் தெரு முழுக்க மணந்தது. சிக்கரி கலக்கவா என்று கேட்கக்கூட இல்லை. அரைத்த தூளை மூக்கருகே கொண்டுபோய் இரண்டு தடவை முகர்ந்தார். "தோட்டக்காரரு தோலெடுத்து, கொட்டையாக் குடுத்தார்னா நானே நேரா எடுத்துக்கிடுதேன். சொல்லிப் பாருங்க" என்றார்.

அன்று மாலை போட்ட காப்பியைப் பற்றி நான் அளக்கப் போவதில்லை. என் வீட்டுக்காரர் இரண்டாவது டம்ளர் கேட்டார், அது போதும். ஆனால் குடிக்கும்போதே எனக்கு உறுத்தியது — அது என்ன கடைசி மூட்டை? இப்படி ஒரு காப்பியை விளைவிக்கிறவர் எதற்காக நிறுத்துகிறார்?

என் மகள் பெங்களூரிலிருந்து வரும்போதெல்லாம் ஒரு காப்பிப் பாக்கெட் கொண்டுவருவாள். 'ஃபேர் ட்ரேட்' என்று முத்திரை குத்தியிருக்கும். விளைவித்தவருக்கு நியாயமான விலை கொடுத்து வாங்கியது என்று அர்த்தம். சிரித்த முகத்தோடு ஒரு விவசாயியின் படமும் உண்டு. அதைப் பார்த்துக்கொண்டே குடித்தால் நமக்கும் ஏதோ புண்ணியம் செய்த மாதிரி இருக்கும். செல்லையா அண்ணாச்சி சிரிக்கிறாரா? போய்த்தான் பார்ப்போமே!

பில்டரில் டிகாக்ஷன் இறக்கி, ஒரு பாட்டிலில் ஊற்றிக்கொண்டு, வீட்டுக்காரரையும் இழுத்துக்கொண்டு கிளம்பினேன்.

ஊரைத் தாண்டி, சரிவில் ஏறினால் பலா மரங்கள். அவற்றின் நிழலில் காப்பிச் செடிகள். முந்தின வாரம் மழை பெய்திருந்தது போல... கிளை தெரியாமல் வெள்ளை வெளேரென்று பூத்திருந்தது. மல்லிகை வாசனை. காப்பிச் செடி மல்லிகையாய் மணக்கும் என்று இத்தனை வருஷம் எனக்கு யாருமே சொல்லவில்லையே!

செல்லையா அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டியபடி வந்தார். "ஏலத்துல மூட்டையை எடுத்தது நீங்கதான? ஊரே பேசுது" என்றார். அவர் மனைவி எஸ்தர் அக்கா எங்களைத் திண்ணையில் உட்காரவைத்துக் குடிக்கக் கொடுத்தார்.

டீ.

காப்பித் தோட்டத்தில் டீயா? கேட்டேவிட்டேன்.

"காப்பி இங்க யாரு மதினி குடிக்கா?" என்றார் எஸ்தர் அக்கா. "பறிப்போம், காயப்போடுவோம், கட்டி ஏத்திவிட்ருவோம். ஒருக்க சட்டியில வறுத்துப் பாத்தேன்... கரிஞ்சு கரியாப் போச்சு. கடையில வாங்கலாம்னா, தூளு விக்கித வெலை தெரியும்லா?"

குடிக்கிறவளுக்குச் செடி தெரியாது. வளர்க்கிறவருக்கு ருசி தெரியாது. நடுவில் இருக்கும் லாரிக்கு மட்டும் எல்லாம் தெரியும் போலிருக்கிறது.

"ஏன் அண்ணாச்சி, ஏலத்துல கடைசி மூட்டைன்னு சொன்னாங்க?"

"எல்லாத்தையும் வெட்டப் போறேன். பாக்கு வைக்கலாம்னு. மரம் வெட்டுத ஆளு அடுத்த வாரம் வாரான். பழம் எல்லாம் ஒண்ணா பழுக்காது... பழுக்கப் பழுக்க திரும்பத் திரும்பப் போய்ப் பறிக்கணும். அம்புட்டும் பறிச்சு வச்சா, வண்டிக்காரன் ஒரு வெலை சொல்லுவான். நான் தலையாட்டுவேன். வேற யாருக்கு விக்க?"

"அப்ப ஏன் இன்னும் வெட்டல?"

அவர் செடிகளைப் பார்த்தார். "பூத்து நிக்குதுல்லா... பூ உதிரட்டும்னு பாக்கேன்."

எஸ்தர் அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "பாக்கு இன்னைக்கு வச்சா நாளைக்கா காய்க்கும்? அது காய்க்கித வரைக்கும் எதைத் திங்கன்னு கேட்டா இவுக பதில் சொல்ல மாட்டாவ. இதை வச்சுத்தான் மதினி வீடு ஓடுது."

அடுத்த வாரம் என்கிறாரே! நான் அடுப்படிக்குப் போய், பாலைக் காய்ச்சி, பாட்டிலில் இருந்த டிகாக்ஷனை ஊற்றி, நன்றாக ஆற்றி இரண்டு டம்ளரைக் கொண்டுவந்து வைத்தேன். "உங்க தோட்டத்துக் காப்பி. குடிச்சிட்டு வெட்டுங்க."

செல்லையா அண்ணாச்சி ஒரு மடக்குக் குடித்துவிட்டு மோட்டுவளையைப் பார்த்தார். எஸ்தர் அக்கா முகத்தைச் சுளித்தார். "கசக்கே..." இன்னொரு வாய் குடித்தார். டம்ளரைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டு வரை வாயில் விட்டுக்கொண்டார்.

"இதையா நாம அந்த வெலைக்குக் குடுத்தோம்?" என்று கணவரைக் கேட்டார்.

நான் கடை அண்ணாச்சி சொன்னதைச் சொன்னேன். தோலெடுத்துக் கொட்டையாகக் கொடுத்தால் அவர் நேரடியாக எடுத்துக்கொள்வார். மிச்சம் இருந்தால் எங்கள் தெருவிலேயே ஆள் இருக்கிறது, வேட்டிச் சண்டை போட்டவர் உட்பட. வாசனை அந்த வீட்டுக்கும் போயிருந்தது.

"தோலெடுக்க ஊர்ல மில்லு இருக்கு" என்றார் செல்லையா அண்ணாச்சி, பைய. "கேட்டுப் பாக்கணும்."

"என்னத்தக் கேக்கது? மொதல்ல மரம் வெட்டுத ஆளுக்குப் போன் போடுங்க. வராண்டாம்னு சொல்லுங்க" என்றார் எஸ்தர் அக்கா.

அவர் போன் போட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. எஸ்தர் அக்கா உள்ளே போய், வீட்டில் மிச்சம் இருந்த காய்ந்த பழத்தை ஒரு பையில் கட்டிக்கொண்டு வந்தார். இதையும் எடுத்துக்கொண்டு போங்கள், தெருவில் காட்டுங்கள் என்றார். என்ன விலை என்று கேட்டேன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இதுவரை விலை சொல்லிப் பழக்கமில்லையே! கடைசியில் எஸ்தர் அக்காதான் ஒரு விலை சொன்னார். ஏலத்தில் நான் கொடுத்ததில் பாதிகூட இல்லை.

அப்போது என் வாய் சும்மா இருக்க வேண்டுமா, இல்லையா? சந்தையில், பஸ் ஸ்டாண்டில், பூக்காரியிடம் என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லித் தேய்ந்த வாய். அதுபாட்டுக்குச் சொல்லிவிட்டது.

"கொஞ்சம் பாத்துப் போடுங்கக்கா."

என் வீட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். செல்லையா அண்ணாச்சி பலா மரத்துப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிக்கிறார்!

எஸ்தர் அக்கா சிரிக்கவில்லை. பையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

"ஆண்டவருக்குன்னா கையை எறக்காம நிக்கீய. எங்ககிட்ட மட்டும் பாத்துப் போடணுமாக்கும்? ஒரு தரம்... ரெண்டு தரம்..."

மூணாவது தரம் வருவதற்குள் நான் கைப்பையைத் திறந்துவிட்டேன்.