கணக்கு வாத்தியார் அவுட்

வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் பி.டி. என்று எங்கள் பள்ளிக்கூடத்துக் கால அட்டவணையில் எழுதியிருக்கும். எழுதியிருக்கும், அவ்வளவுதான். பெல் அடித்ததும் நான் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பத்தாம் வகுப்புக்குப் போவேன். எனக்கு முன்பே கணக்கு வாத்தியார் உள்ளே நின்று போர்டில் பாதி முக்கோணம் வரைந்திருப்பார். பாடம் முடியவில்லை, இந்த ஒரு வாரம் மட்டும் என்பார். அவருடைய அந்த ஒரு வாரம், நான் கொல்லிமலைக்கு மாற்றலாகி வந்த நாளிலிருந்து நடந்துகொண்டிருந்தது.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். ஹெச்.எம். அம்மாவிடம் போய்ச் சண்டை போட்டேன். அவர் யார் என்ன சொன்னாலும் தலையாட்டுகிறவர். மலைக்குக் கீழே உடற்கல்வி ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடக்கிறது, போய்ப் புது விளையாட்டு கற்றுக்கொண்டு வா என்றார். பயிற்சி கொடுப்பவரே பின்னால் மலைக்கு வந்து பார்ப்பாராம். அவர் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டால் அந்தப் பீரியடை இனி யாரும் தொட முடியாது. சொல்லாவிட்டால் பரீட்சை முடியும்வரை அது கணக்குக்குத்தான். பக்கத்தில் நின்ற கணக்கு வாத்தியார் சரிங்க, சரிங்க என்றார். அவர் முகத்தில் தெரிந்த நிம்மதியைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது.

பயிற்சி ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் குனி, நிமிர் என்று விரட்டுகிற நாங்கள் வரிசையாக நின்றோம். குனியச் சொன்னபோதுதான், எங்களில் பாதிப் பேர் தங்கள் கால்விரலைப் பார்த்தே பல வருஷம் ஆகிவிட்டது என்று தெரிந்தது. எனக்கு முன்னால் நின்ற சார் ஒருவர் குனிந்தவர் குனிந்தவர்தான், டீ வந்த பிறகுதான் நிமிர்ந்தார். பயிற்சி கொடுத்தவர் ஒல்லியான, சிரித்த முகக்காரர். பிள்ளைகள் வரிசையில் காத்திருக்கக் கூடாது, எல்லார் காலும் ஒரே நேரத்தில் ஓட வேண்டும் என்பது அவர் கொள்கை. பந்தே வேண்டாம் என்று அவர் சொன்னபோது எனக்குக் கும்பிடத் தோன்றியது. எங்கள் கிரவுண்ட் ஒரு பக்கம் சரிந்தது. ஓங்கி ஒரு உதை விட்டால் பந்து கீழே மிளகுத் தோட்டத்துக்குள் போய்விடும், மிச்சப் பீரியட் முழுக்கப் பந்து தேடும் விளையாட்டுத்தான்.

அவர் சொல்லிக்கொடுத்ததில் ஒன்று வீடு கூட்டும் விளையாட்டு. நடுவில் ஒரு கோடு, இரண்டு பக்கமும் இரண்டு அணி. கோட்டின் இரு பக்கமும் சின்னச் சின்னத் துணிப்பைகள் இறைந்து கிடக்கும். நம் பக்கத்துப் பைகளைக் காலால் தள்ளித் தள்ளி அந்தப் பக்கம் அனுப்ப வேண்டும். விசில் ஊதும்போது யார் வீட்டில் குப்பை குறைவோ அவர்கள் ஜெயித்தவர்கள்.

பேளுக்குறிச்சி சந்தையில் வெட்டுத்துணி வாங்கி வந்து ராவும் பகலுமாகத் தைத்தேன். முதலில் மணல் போட்டேன். மழையில் நனைந்து ஒவ்வொன்றும் செங்கல் மாதிரி ஆகிவிட்டது. பக்கத்து வீட்டம்மாவிடம் சாமை வாங்கி நிரப்பினேன். கைக்கு அடக்கமாக, அழகாக இருந்தன. பயிற்சிக்காரர் வருவதற்கு முந்தின நாள் பிள்ளைகள் என்னிடமிருந்து வாங்கி, குலுக்கிப் பார்த்து, தூக்கிப்போட்டுப் பிடித்து விளையாடினார்கள். நாளைக்கு இதை வைத்துக் கணக்கு வாத்தியாரின் கதையை முடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

பயிற்சிக்காரர் கொண்டை ஊசி வளைவுகளில் சுருண்டு, கையில் எலுமிச்சம்பழத்தோடு வந்து சேர்ந்தார். அவருக்கும் ஹெச்.எம்.முக்கும் கணக்கு வாத்தியாருக்கும் கிரவுண்ட் ஓரத்தில் நாற்காலி போட்டோம். நான் விதியைச் சொல்லி விசில் ஊதினேன்.

கபடியில் யாருக்கும் பிடிபடாத ஒரு பெண் முதலில் பாய்ந்து ஒரு பையை உதைத்தாள். உதைத்தவள் சட்டென்று நின்று, குனிந்து, பையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அடுத்தவனும் உதைத்தான், குனிந்தான், ஒற்றிக்கொண்டான். கொஞ்ச நேரத்தில் வகுப்பு முழுக்கக் குனிந்து கும்பிட்டுக்கொண்டு நின்றது. கிரவுண்டா கோயிலா என்று தெரியவில்லை. ஒருவர் காலும் ஓடவில்லை. போதாததற்கு என் தையல் விட்டு ஒரு பை பிரிய, எங்கிருந்தோ நாலைந்து கோழிகள் வந்து சேர்ந்தன. கணக்கு வாத்தியார் வேட்டி நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். என் மானம் கப்பலேறியது.

நான் ஓடிப்போய் அந்தப் பெண்ணிடம் என்ன செய்கிறாய் என்று பல்லைக் கடித்தேன்.

"உள்ள சாமை இருக்குதுங்க டீச்சர். கால்ல ஒதைக்கலாமுங்களா?"

களத்தில் இதே சாமையைக் காலால் மிதித்துத்தானே உதிர்த்து எடுக்கிறீர்கள் என்று மடக்கினேன்.

"அது வேலைங்க டீச்சர். இது வெளையாட்டுங்க."

அவள்தான் யோசித்து, கையால எறியலாமுங்க, யார் கால்ல படுதோ அவுங்க தொட்டுக் கும்பிட்டுட்டு வெளியே போயிரணுமுங்க என்றாள். போகிற பீரியட் எப்படியும் போகட்டும் என்று விசில் ஊதினேன்.

அப்புறம் பார்க்க வேண்டுமே. பை பறக்கிறது, பிள்ளைகள் தவளை மாதிரி துள்ளுகிறார்கள், கால் தரையில் நிற்கவே இல்லை. பட்டவர்கள் கும்பிட்டுவிட்டு ஓடுகிறார்கள். கோழிகளும் குறுக்கே ஓடின. பயிற்சிக்காரர் எலுமிச்சம்பழத்தை முகர மறந்து எழுந்து நின்றார். அப்போது குறி தவறிய பை ஒன்று கணக்கு வாத்தியாரின் செருப்பில் போய் விழுந்தது. அவர் யோசிக்கவே இல்லை. செருப்பைக் கழற்றினார், குனிந்தார், தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

கிரவுண்டே "சார் அவுட்டு" என்று கத்தியது.

நான் விளையாடவே இல்லையே என்றார். அப்ப வாங்க சார் என்று பிள்ளைகள் கையைப் பிடித்து இழுத்துவிட்டார்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். இறங்கின வேகத்தில் திரும்ப அவுட். பை முதலில் தரையில் பட்டதா, தன் காலில் பட்டதா என்று கோணமெல்லாம் சொல்லி அவர் வாதாடிக்கொண்டிருக்கும்போதே பெல் அடித்துவிட்டது. பயிற்சிக்காரர் ஹெச்.எம்.மிடம், ரொம்ப நன்றாக இருக்கிறது, இதை மற்ற பள்ளிகளுக்கும் சொல்கிறேன் என்றார். ஹெச்.எம். தலையாட்டினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை கடைசி பெல் அடித்ததும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பத்தாம் வகுப்புக்குப் போனேன். கணக்கு வாத்தியார் எனக்கு முன்பே உள்ளே நின்றார். போர்டில் பாதி முக்கோணம். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. கிட்டே போய்ப் பார்த்தேன். சரிந்த கோடு எங்கள் கிரவுண்ட். வளைந்த கோடு பை வந்த வழி. மூலையில் ஒரு செருப்பு.

அவர் வேட்டியில் இல்லை. கேன்வாஸ் ஷூ, டிராக் பேன்ட். சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"போன வாரம் நான் அவுட்டே இல்லீங்க டீச்சர். சீக்கிரம் விசில் ஊதுங்க, பீரியட் வீணாப் போகுது."