துவைத்து வைத்த சட்டை

வீட்டில் அவளைச் 'சின்னது' என்றுதான் கூப்பிடுவார்கள். பெரியது ஆற்றில் மூழ்கி இறந்து பல வருடங்களாகியும் அந்தப் பெயர் மாறவில்லை. பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிவந்த படகு கவிழ்ந்தபோது அக்காவுக்குப் பத்து வயது. காய்ச்சல் என்று சின்னது அன்று பள்ளிக்குப் போகவில்லை.

பல்கலைக்கழகத்தில் 'பொது வரலாறு', அதாவது அருங்காட்சியகம் மாதிரி இடங்களில் வரலாற்றை மக்களுக்குக் காட்டும் படிப்பு, படிக்கப்போகிறேன் என்று அவள் சொன்னபோது மாமா சிரித்தார். "பழைய சாமானைப் பார்த்துக்கறதுக்கு ஒரு பட்டமா? என் கொல்லையில கிடக்கறதுக்கே ஆள் தேடிக்கிட்டிருக்கேன்."

அம்மா சிரிக்கவில்லை. "அதுல என்ன சொல்லித் தருவாங்க?" என்றாள்.

"ராஜா கதை இல்லம்மா. நம்மள மாதிரி ஆளுங்களுக்கு நடந்ததை, பார்க்க வர்றவங்களுக்குப் புரியற மாதிரி எடுத்து வைக்கறது."

"எடுத்து வைக்கறதுக்குப் படிக்கணுமா," என்று அம்மா உள்ளே போய்விட்டாள்.

இரண்டாம் வருடம் நகர அருங்காட்சியகத்தில் பயிற்சி. மாணவர்கள் சேர்ந்து அந்தப் படகு விபத்தைப் பற்றி ஒரு கண்காட்சி வைக்கவேண்டும் என்றார்கள். தன் வீட்டுக் கதையும் அதுதான் என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. பொருள் கேட்டு வீடு வீடாக ஏறி இறங்கினாள். ஒரு வீட்டில் சேறு காய்ந்த செருப்பைக் கொடுத்தார்கள். ஒரு வீட்டில் கதவையே திறக்கவில்லை. தன் வீட்டில் மட்டும் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை.

விஷயம் எப்படியோ அம்மா காதுக்கு எட்டியது. ஒருநாள் காலை சின்னதின் தோள்பைக்குப் பக்கத்தில் அக்காவின் பள்ளிச் சட்டை இருந்தது.

கண்காட்சிப் பொறுப்பாளர் அம்மையார் அதை விளக்கடியில் விரித்துப் பார்த்தார். "அன்னிக்குப் போட்டிருந்ததுதானா? ஒரு கறைகூட இல்லையே. யார் நம்புவாங்க? செருப்பு போதும்."

"அன்னிக்கே அம்மா துவைச்சுட்டாங்க மேடம். இப்பவும் அப்பப்ப துவைச்சுத் தேய்ச்சு வைப்பாங்க." அவள் காலரை நேராக்கினாள். "என் அக்கா சட்டை."

அம்மையார் நாற்காலியில் உட்கார்ந்தார். "உனக்குக் கஷ்டமா இருந்தா வேற வேலை பார்க்கலாம்மா."

"வேண்டாம் மேடம். துவைச்சதும் நடந்ததுதானே. அதையும் எழுதுவோம்."

விளக்க அட்டைக்கு அவள் பக்கம் பக்கமாக எழுதி எழுதிக் கிழித்தாள். கடைசியில் மிஞ்சியது இவ்வளவுதான்: "பத்து வயதுச் சிறுமியின் சட்டை. அன்று மாலையே அவள் அம்மா இதைத் துவைத்தார். இன்றும் துவைக்கிறார்." அம்மையார் 'துவைத்துவருகிறார்' என்று திருத்தினார். பிறகு அவரே அதை அடித்துவிட்டார்.

திறப்பதற்கு முதல்நாள் அம்மாவை அழைத்துவந்தாள். அம்மா அட்டையை எழுத்துக் கூட்டிப் படித்தாள். "இனிமே எப்படித் துவைக்கறது?"

"இரவலாத்தாம்மா வாங்கியிருக்கோம். எப்ப வேணும்னாலும் எடுத்துக்கலாம்."

அம்மா கண்ணாடிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள். "சட்டைக் கையை உள்பக்கமா மடிக்கணும்."

அம்மையார் சாவி கொண்டுவந்து பெட்டியைத் திறந்தார். கையுறையை நீட்டினார். அம்மா அதைப் பார்த்துவிட்டுத் தன் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். "கழுவிட்டுத்தான் வந்தேன்."

அம்மையார் கையுறையை மேசையில் வைத்துவிட்டு நகர்ந்து நின்றார். அம்மா மடித்தாள்.

கண்காட்சி முடிந்ததும் சட்டை அங்கேயே இருக்கட்டும் என்று அம்மா சொல்லிவிட்டாள். படிப்பு முடிந்து சின்னதுக்கும் அங்கேயே வேலை கிடைத்தது. வேலை உறுதியான அன்று மாலை, காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா தலை நிமிராமல் பேசினாள்.

"அவளுக்குப் படகுன்னா பயம். உனக்குத் தெரியுமா?"

அக்காவைப் பற்றி அம்மா வாய் திறந்தது அன்றுதான்.

"தெரியாதும்மா," என்று அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.