ஆடாதோடையின் அடியில் சிவந்த மண்

மலேசியாவின் ரெங்கத்தில் நாள்பட்ட இருமல்காரர்கள் யோகேஸ்வரியின் வாசலுக்குத்தான் வருவார்கள். தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, பள்ளி கேன்டீனில் சமைத்துப் பிழைத்தவள். கஷாயம் காய்ச்ச யாரும் சொல்லித் தரவில்லை. ஆடாதோடை எந்தப் பதத்தில் இறங்க வேண்டும், திப்பிலி எவ்வளவு போனால் நெஞ்சு எரியும் என்று தானே குடித்துப் பார்த்துத் தெரிந்துகொண்டாள்.

சிங்கப்பூரில் வேலை செய்த தம்பி ஹேமநாதன் மருந்துக்கு அடங்காத காசநோயோடு திரும்பினான். கிளினிக் நர்ஸ், ஷர்மினி மிஸி, கண்டிப்பாகச் சொன்னாள்.

"கஷாயம் குடுங்கக்கா, டாக்டரும் சரின்னுட்டாரு. ஆனா அது துணைக்குத்தான். இருமல் தணியும், கிருமி சாகாது. மாத்திரைய உங்க முன்னாலதான் முழுங்கணும்."

மாத்திரைகளில் சிவப்பாக இருக்கும் ஒன்று தோலைக் கறுக்க வைக்கும் என்றும் சொல்லியிருந்தாள். ஹேமநாதன் அப்படியே கறுத்துப்போனான்.

"அலமாக், கண்ணாடியில என்னையே தேட வேண்டியிருக்கு. தார் ரோடு மாதிரி ஆயிட்டேன் லா."

"உயிரோட இருக்கிற தார் ரோடு. வாயை மூடிட்டுக் குடி."

பிறகு ஒரு வாரத்தில் இருமல் நின்றது. யோகேஸ்வரி மாரியம்மனுக்குக் கற்பூரம் ஏற்றினாள். ஆனால் அந்த அமைதி அவளுக்குப் பிடிபடவில்லை. தம்பியின் கால்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. தலையணை வியர்வையில் ஊறிக் கிடந்தது. அவன் அறைப்பக்கம் போனால், காலி மூங்கிலுக்குள் காற்று நுழைவதுபோல் மூச்சு மட்டும் கேட்டது. சத்தமில்லாமல் எதுவோ அவனை உள்ளிருந்து தின்றுகொண்டிருந்தது.

ஒரு காலை, மழை ஓய்ந்ததும் இலை பறிக்கப் போனாள். வழக்கம்போல் செடிக்கு மஞ்சள் நூல் கட்டி, "உயிர் காக்க எடுக்கிறேன், பொறுத்துக்கம்மா" என்று அனுமதி கேட்டுக் குனிந்தாள்.

செடியடியில் மண் சிவந்திருந்தது. விரலால் கிளறினாள். இரத்தக் கட்டிபோல் பிசுபிசுப்பு. கரைந்துபோன சிவப்பு மாத்திரையின் சாயம். அதனடியில் பாதி கரைந்த வெள்ளை மாத்திரைகள். வேர் அவற்றைச் சுற்றிப் பிடித்திருந்தது.

நிமிர்ந்தாள். நேர் மேலே, தம்பி அறை ஜன்னல் இருட்டில் இரண்டு கண்கள் மட்டும் தெரிந்தன.

"எப்படிடா? என் கையாலதானே குடுத்தேன்?"

"குடுத்துட்டு நீதான் மூஞ்சியத் திருப்பிக்குவியேக்கா."

மருந்து குடிக்கிறவன் வாயைக் கொடுப்பவள் பார்க்கக் கூடாது, கண் பட்டால் பலிக்காது என்பது லயத்துப் பழக்கம். ஒவ்வொரு வேளையும் அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

"கறுப்பு ஏறிக்கிட்டே போச்சுக்கா. இருமலும் நின்னுடுச்சு. சரியாயிட்டேன்னு நெனச்சேன்."

மிஸிக்குப் போன் செய்தாள். "நீங்களா மறுபடி ஆரம்பிக்காதீங்க. இப்பவே கூட்டிட்டு வாங்க, சளி பார்க்கணும்" என்றாள் ஷர்மினி.

யோகேஸ்வரி அடுப்பிலிருந்த கஷாயத்தைச் சாக்கடையில் கவிழ்த்தாள்.

"அதை ஏன்க்கா கொட்டுற?"

"இது நோயைக் கொல்லலடா. அதோட வாயைத்தான் பொத்தி வச்சிருந்துச்சு."

முகக்கவசம் மாட்டி அவனை வாசலில் உட்கார வைத்தாள். கூப்பிட்ட வாடகைக் கார் தெரு வளைவில் திரும்பி வந்தபோது அவன் தோள்கள் குலுங்கின. அடி நெஞ்சிலிருந்து இருமல் கிளம்பியது, தூங்கி எழுந்தது போல, முன்னைவிடக் கனமாக. அக்கம்பக்கத்தில் கதவுகள் சாத்திக்கொண்டன. யோகேஸ்வரி முதுகைத் தடவிக்கொண்டே காது கொடுத்துக் கேட்டாள். இத்தனை நாள் சத்தமில்லாமல் வீட்டுக்குள் ஒளிந்திருந்த நோய் எங்கே இருக்கிறது என்று இப்போது தெரிந்தது.