நான்காவது வரி

உயர்தர வகுப்பின் முதல் வருடத்தில் எனக்கு இரண்டு சான்றிதழ்கள் கிடைத்தன. ஒன்று, மாவட்டக் கட்டுரைப் போட்டியில் முதலிடம் பெற்றதற்கு. மற்றது, சமூக சேவைக்கு. அந்தச் சேவையைப் பற்றி நான் இதுவரை எங்கும் எழுதியதில்லை.

போர் முடிந்து, வெள்ளாங்குளத்துக்குக் கிட்ட நாங்கள் மீளக்குடியேறி ஒரு வருடம்கூட ஆகவில்லை. காணாமல் போனவர்களைப் பற்றி விசாரிக்க ஒரு குழு வருவதாகவும், முறைப்பாட்டை முன்கூட்டியே எழுத்தில் தரவேண்டும் என்றும் அறிவித்தார்கள். எழுதத் தெரியாத தாய்மாருக்கு உதவும் வேலை எங்கள் வகுப்புக்கு வந்தது. சனிக்கிழமைகளில் பொதுமண்டபத்தில் ஒரு மேசையும் இரண்டு கதிரைகளும் போட்டு நான் எழுதினேன்.

"கெதியா எழுது பிள்ளை, பஸ் போகப்போகுது."

"அவள் மாவட்டத்தில முதலாம் பிள்ளையடி. அவள் எழுதினா வாசிக்கிறவனே அழுவான்."

"அழ வேண்டாம். பதில் போட்டாப் போதும்."

ஒருவர் சொல்லத் தொடங்கினால் ஒரு மணித்தியாலம் போய்விடும். வரிசை வாசலுக்கு வெளியே நிற்கும். மூன்றாவது சனிக்கிழமை ஒரு மாதிரிக் கடிதம் தயாரித்தேன். முதல் வரியில் பெயரும் வயதும், இரண்டாவதில் பிரிந்த இடம், மூன்றாவதில் திகதி. நான்காவது வரி எல்லோருக்கும் பொது: 'என் மகனை இராணுவத்தினர் பஸ்ஸில் ஏற்றியதை நான் கண்ணால் கண்டேன்.' முதலில் வந்த ஐந்தாறு பேர் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். அதன் பிறகு இடைவெளிகளை நிரப்புவதற்கு மட்டும் கேள்வி கேட்டேன். எழுதியதை வாசித்துக் காட்டுவதையும் நிறுத்திவிட்டேன்.

எங்களுக்கு இரண்டு கொட்டில் தள்ளியிருந்த மாமியும் வந்தா. தண்ணீர், வரிசை, மகனின் காய்ச்சல் என்று சொல்லிக்கொண்டு போனா.

"மாமி, வயசை மட்டும் சொல்லுங்கோ," என்றேன்.

சொன்னா. பெருவிரலை மையில் தொட்டு வைத்தா.

இப்போது நான் கட்டட வரைபடம் கீறுகிறேன். அளக்காத இடத்தில் அளவு போடக்கூடாது என்பது இந்தத் தொழிலின் முதல் பாடம்.

விசாரணை நகரத்துக் கந்தோர் ஒன்றில் நடந்தது. மாமிக்குத் துணையாகப் போய் பின்வரிசை வாங்கில் இருந்தேன். அதிகாரி சிங்களத்தில் கேட்டார். மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார்.

"மகனை பஸ்ஸில ஏத்தினதை எங்க நிண்டு கண்டனீங்கள்?"

"நான் காணேல்லை, ஐயா. அவனுக்குக் காய்ச்சல், தண்ணி எடுக்கப் போனனான். திரும்பி வர, ஆமி நிப்பாட்டின வரிசையில அவன் இல்லை."

"கண்டதெண்டு கடிதத்தில இருக்கு. இது உங்கட விரல் அடையாளம்தானே?"

"ஓம்."

"அப்ப எது பொய்?"

மாமி திரும்பி என்னைப் பார்த்தா. நான் எழும்பினேன். "எழுதினது நான், ஐயா. பிழை என்ரை."

முறைப்பாட்டுக்காரர் மட்டும்தான் பேசலாம் என்றார்கள். அதிகாரி ஒரு வரி எழுதி, கடிதத்தை வேறு அடுக்கில் வைத்தார்.

"முரண்பாடு எண்டு எழுதியிருக்கு. நீங்கள் போகலாம், அம்மா."

என்னுடைய நான்காவது வரி இன்னும் எத்தனை கடிதங்களில் பொய்யாக இருந்தது என்று எனக்குத் தெரியாது. ஒருவரிடமும் நான் போய்க் கேட்கவில்லை.

அடுத்த மாதம் பரிசளிப்பு விழாவில் நான் எழுதிய கடிதங்களின் தொகையை ஒலிவாங்கியில் வாசித்தார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். நான் போய்ச் சான்றிதழை வாங்கினேன்.

மாமிக்கு இரண்டாவது கடிதம் எழுதினேன். அவ சொன்ன ஒழுங்கிலேயே, ஒன்றையும் வெட்டாமல். ஒரு பின்னேரம் முழுவதும் எடுத்தது. முருங்கனில் பதிவுத்தபாலில் போட்டேன். ஐந்து மாதம் கழித்துப் பதில் வந்தது: வாக்குமூலம் ஏற்கனவே பதியப்பட்டுள்ளது, மீண்டும் எடுக்க இயலாது.

அதை அவவுடைய கொட்டில் வாசலில் நின்று வாசித்தேன். மாமி சுளகில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தா.

"அண்டைக்கு நான் கண்டனான் எண்டே சொல்லியிருக்கலாமோ, பிள்ளை?"

"இல்லை மாமி. நீங்கள் சொன்னதுதானே உண்மை."

"உண்மை எனக்குத் தெரியும். அப்பிடிச் சொல்லியிருந்தா தேடியிருப்பினமோ எண்டுதான் கேக்கிறன்."