கீழ் வீட்டுக்கு இறங்கிய தண்ணீர்

பெசன்ட் நகரில் நாங்கள் இருக்கும் கட்டிடத்தில் மொத்தம் நாலே வீடுகள். முதல் மாடியில் நாங்கள். எங்கள் சமையலறைக்கு நேர் கீழே, தரைத்தளத்தில், மயிலாப்பூரிலிருந்து வந்த ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர். மனைவி இறந்த பிறகு தனியாக இருந்தார். நான் அவரை சார் என்பேன், அவர் என்னை டீச்சர் என்பார். ஒன்பது வருடப் பழக்கம் அவ்வளவுதான்.

அதற்குக் காரணம் நான்தான். வாடகைக்கு வீடு தேடி அலைந்த நாட்களில், "நான்வெஜ் சமைப்பீங்களா?" என்ற கேள்விக்கு ஆமாம் என்றதும் சாத்திக்கொண்ட கதவுகள் நிறைய. சொந்த வீடு வாங்கிய பிறகும் அந்த உறுத்தல் போகவில்லை. மீன் பொரிக்கும் நாளில் ஜன்னலைச் சாத்தி ஊதுபத்தி கொளுத்துவேன். கீழே இருப்பவர் என்றாவது முகம் சுளித்து ஏதாவது சொல்வார், பதிலுக்கு என்ன சொல்லலாம் என்று மனதுக்குள் ஒத்திகை பார்ப்பேன். அவர் ஒன்றும் சொன்னதில்லை.

ஒரு சனிக்கிழமை காலை அவர் பெயருக்கு வந்த கூரியரை எங்கள் வீட்டில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். எடுத்துக்கொண்டு இறங்கினேன். கதவு திறந்திருந்தது. "சார்" என்று கூப்பிட்டபடியே எட்டிப் பார்த்தேன். சமையலறையை ஒட்டிய பாத்திரம் தேய்க்கும் இடத்தில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, குனிந்து துடைப்பத்தால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தார். கணுக்கால் அளவுக்குக் கலங்கிய தண்ணீர். என்னைப் பார்த்ததும் சட்டென்று நிமிர்ந்து, அந்தத் தண்ணீரை மறைப்பதுபோல வாசலை அடைத்து நின்றார்.

"ஒண்ணுமில்லே டீச்சர். பாத்திரம் அலம்பிண்டிருந்தேன்."

அவர் காலருகே இளஞ்சிவப்பாகச் சில செதில்கள் மிதந்தன. முந்தின நாள் நான் வீட்டில் சுத்தம் செய்த சங்கரா மீனின் செதில்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது.

"எத்தனை நாளா சார் இப்படி?"

"ரெண்டு மாசம் இருக்கும். கார்த்தால ஒரு தடவை தள்ளி விட்டுட்டா சரியாப் போயிடறது."

"மேல வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

அவர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்.

"நீங்க இந்த வீட்டை வாங்கறச்சே, மீன் சாப்பிடறவாளுக்குக் குடுக்கலாமான்னு பில்டிங் மீட்டிங்ல ஒரு பேச்சு வந்தது. நானும் அங்கேதான் உக்காண்டிருந்தேன். வாயைத் திறக்கலே. இப்போ போய் மீன் தண்ணி வரதுன்னு நான் சொன்னா, நீங்க என்ன நினைச்சுப்பேள்?"

நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்த பதில் எதுவும் இதற்குப் பொருந்தவில்லை. கூரியரை மேசைமேல் வைத்தேன். மேலே ஓடி, குழாய்களை மூடி, கணவரிடம் சொல்லிவிட்டு, பிளம்பருக்குப் போன் செய்தேன்.

ஊரூர் குப்பத்திலிருந்து வருகிறவர் அவர். அப்பா, அண்ணன் எல்லாரும் கடலுக்குப் போகிறவர்கள். இவர் மட்டும் இந்த வேலைக்கு வந்தவர். பின்பக்கம் இருந்த சேம்பர் மூடியைக் கம்பியால் நெம்பித் திறந்தார். எங்கள் இரண்டு வீட்டுச் சமையலறைத் தண்ணீரும் வந்து சேரும் தொட்டி அது. உள்ளே ஈரமே இல்லை.

"தண்ணி இங்க வரவேயில்ல, பாத்தீங்களா? மேல இருந்து எறங்கி, பைப்பு வளையுற பெண்டுல அடைச்சிகினு கீது. போக வழியில்லாம சாரு வூட்டுல பொங்குது."

குழாய்க்குள் நீண்ட ஸ்பிரிங் கம்பியை விட்டுச் சுழற்றிச் சுழற்றி இழுத்தார். அரைமணி நேரம் போராடிய பிறகு வெள்ளையும் பழுப்புமாக ஒரு கட்டி வெளியே வந்து விழுந்தது. உருகி உறைந்த மெழுகுவர்த்திபோல இருந்தது. அதற்குள் செதில், டீத்தூள், கறிவேப்பிலை.

"இன்னா டீச்சர், பொரிச்ச எண்ணெய சிங்க்குலயே ஊத்துவீங்களா?"

"சூடா இருக்கும்போதே ஊத்திடுவேன். அப்பதான் ஒட்டாம போகும்னு..."

"சூடா ஊத்தசொல்லோ தண்ணி மாதிரி போவும். உள்ள போயி ஆறி கட்டிக்கும். அப்புறம் வர்றதெல்லாம் அதுமேலயே ஒட்டிக்கும்." குழாயின் இணைப்பைத் தடவிப் பார்த்தார். "ஆசிட்டு ஊத்துனீங்களா?"

தலையாட்டினேன். சிங்க்கில் தண்ணீர் மெதுவாக இறங்கும்போதெல்லாம் கடையில் ஒரு பாட்டில் வாங்கி ஊற்றுவேன். மறுநாள் தண்ணீர் விறுவிறுவென்று இறங்கும். வேலை முடிந்தது என்று நினைத்துக்கொள்வேன்.

"அது உங்க வூட்டு அடைப்ப சாரு வூட்டுக்கு அனுப்பி வச்சிச்சு. அவ்ளோதான். ஜாயிண்டும் அரிச்சிகினு கீது பாருங்க, மாத்தணும்."

பின்னால் நின்றிருந்த சார், "பரவாயில்லேப்பா, மெதுவாப் பாரு" என்றார். அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்கு இன்னும் லேசாக இருந்திருக்கும்.

மத்தியானத்துக்குள் இணைப்பை மாற்றிவிட்டார். நானும் என் கணவரும் இறங்கிப்போய் அந்த இடத்தைத் தேய்த்துக் கழுவினோம். சார் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசியில் உள்ளே போய் மூன்று டம்ளரில் காபி கலந்து கொண்டுவந்தார். அவர் வீட்டு நாற்காலியில் நாங்கள் உட்கார்ந்தது அன்றுதான் முதல் தடவை.

பிளம்பர் சொன்னபடி சிங்க் துளைக்கு ஒரு சல்லடை வாங்கிப் போட்டேன். எண்ணெயை ஆறவிட்டு ஒரு டின்னில் சேர்க்கிறேன். பிசுபிசுப்பான சட்டியைப் பழைய செய்தித்தாளால் வழித்துத் துடைத்த பிறகுதான் தண்ணீர் காட்டுகிறேன். முதல் மாதம் எரிச்சலாக இருந்தது. பிறகு கை தானாகவே அப்படிப் போகிறது. மீன் விற்கும் அக்காவிடம், செதிலை அங்கேயே எடுத்துக் கொடுக்கச் சொன்னேன்.

"இத்தினி நாளா நானும் கேட்டுகினு தான கீறேன், கிளீன் பண்ணித் தரட்டான்னு? நீதான் வூட்ல பாத்துக்கிறேன்னு போயிடுவ" என்றாள். உண்மைதான். அவள் கத்தி சுத்தமாக இருக்குமா என்று எனக்கொரு சந்தேகம் இருந்தது.

ஒரு வாரம் தினமும் காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போது கீழே நின்று, "தண்ணி வருதா சார்?" என்று கேட்டேன். எட்டாவது நாள் அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"டீச்சர், வந்தா நானே சொல்றேன். சத்தியமா சொல்றேன்."

நான் நம்பவில்லை. ரெண்டு மாதம் வாயைத் திறக்காமல் தண்ணீர் தள்ளியவர்தானே.

கோடை விடுமுறையில் ஒருநாள் காலை பதினோரு மணிக்கு அழைப்பு மணி அடித்தது. திறந்தால் சார். படியேறி வந்ததில் மூச்சு வாங்கியது. அவர் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து நான் பார்த்ததே இல்லை. முகம் கடுகடுவென்று இருந்தது.

"டீச்சர், உங்காத்துப் பெட்ஷீட் சொட்டிண்டே இருக்கு. கீழே வடாம் உலர்த்தியிருக்கேன். எல்லாம் நனைஞ்சு போச்சு. பிழிஞ்சு போட மாட்டேளா?"

"சாரி சார், இதோ எடுத்துடறேன்" என்றேன்.

"எடுங்கோ, உடனே எடுங்கோ" என்று அதட்டிவிட்டு இறங்கிப் போனார்.

உள்ளேயிருந்து என் கணவர், "இன்னா, மேலயே ஏறி சண்டைக்கு வந்துட்டாரு?" என்று கேட்டார். "ஆமா, வந்துட்டார்" என்று சொல்லிவிட்டு, சிரித்துக்கொண்டே பெட்ஷீட்டை எடுக்கப் பால்கனிக்குப் போனேன்.