எவ்வளவு சிறிதாக்கலாம் ஒரு முகத்தை

ஏட்டையா கேமராவின் மெமரி கார்டை மேசையில் வைத்தபோது ஸ்டுடியோவில் நான் மட்டும்தான் இருந்தேன். முதலாளி பரவைக்கு ஒரு கல்யாண ஆர்டருக்குப் போயிருந்தார். செல்லூரில் மதிய நேரம் விசைத்தறிச் சத்தத்திலேயே மிதந்துகொண்டிருக்கும். பழகிவிட்டால் அது சத்தமாகவே தெரியாது. ஏதோ பெரிய உடம்பு ஒன்றுக்குள் உட்கார்ந்து அதன் மூச்சைக் கேட்பது போல இருக்கும்.

படங்களைச் சிறிதாக்குவதுதான் அங்கே என் வேலை. பரீட்சை விண்ணப்பத்துக்கு ஐம்பது கே.பி.க்குள், வெளிநாட்டு மாப்பிள்ளை வீட்டுக்கு மெயிலில் போகும் பெண்ணின் படத்துக்குக் கொஞ்சம் கூடுதல். நாள் முழுக்க முகங்கள் பெரிதாக வந்து சிறிதாகிப் போகும். கை தன்பாட்டுக்கு மவுசை நகர்த்தும். மனம் எங்கேயோ கிடக்கும்.

ஏட்டையாவுக்கு ஆஸ்பத்திரி போலீஸ் அவுட்போஸ்ட்டில் வேலை, வீடு எங்கள் தெருவில். காலையில் மேலூர் ரோட்டில் ஒரு பையன் பஸ் படியிலிருந்து விழுந்துவிட்டான் என்றார். நினைவில்லை. பர்ஸ், போன் எதுவும் இல்லை. பக்கத்தில் இருக்க ஓர் ஆள் இல்லை.

“பேப்பர் ஆபீசுக்கும் மத்த ஸ்டேஷனுக்கும் மெயில் போட்டா, படம் பெருசா இருக்குன்னு திரும்பி வருதுக்கா. கொஞ்சம் சுருக்கிக் குடுங்க” என்றார்.

கார்டைத் திறந்தேன். திரையில் நகக்கண் அளவுக்கு ஒரு படம். ஊதாக் கட்டம் போட்ட சட்டை, நெற்றியில் விழுந்த முடி, ஒல்லிக் கழுத்து.

என் மகன் சரவணன்.

ஒத்தக்கடையில்தான் அவனுக்குக் காலேஜ். அன்றைக்கும் அந்த ரோட்டில்தான் போயிருந்தான். என்ன சட்டை போட்டிருந்தான் என்று யோசித்தேன். காலையில் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தபோது அவன் பை மட்டும்தான் தெரிந்தது. திரும்பத் திரும்பப் போன் அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. தறிகள் எல்லாம் தண்ணீருக்கு அடியில் ஓடுவது போலக் கேட்டது. படத்தின் மேல் இரண்டு தட்டுத் தட்டினேன். எங்கள் பழைய கணினி அதை மெதுவாக, மேலிருந்து கீழே விரித்தது. முடி, நெற்றி, கட்டு, காது.

பாஸ்போர்ட் படத்துக்கு உட்காருபவர்களிடம் இரண்டு காதும் தெரியட்டும் என்று சொல்லிச் சொல்லியே எனக்கு முதலில் காதுதான் கண்ணில் படும். சரவணனுக்குக் காதின் கீழ் நுனி தனியாகத் தொங்கும். இவனுக்குக் கன்னத்தோடு ஒட்டியிருந்தது.

உடம்பு லேசாகிவிட்டது. இவனும் ஒருத்தி பெற்ற பிள்ளை என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது.

“தெரிஞ்ச பையனாக்கா?” என்றார் ஏட்டையா. இல்லை என்று தலையாட்டினேன்.

வழக்கமாக என்றால் அகலத்தைக் குறைத்து, சேவ் கொடுத்து, அரை நிமிடத்தில் முடித்திருப்பேன். அந்தப் படத்தில் கட்டில், குளுக்கோஸ் பாட்டில், கிழிந்த சட்டை, திறந்து கிடந்த நெஞ்சு எல்லாம் இருந்தன. அத்தனையையும் வைத்துக்கொண்டு சுருக்கினால் முகம் புளியங்கொட்டை அளவுதான் வரும். அப்படிப் போனால் ஊரில் எத்தனையோ பேருக்கு என் நிலைமைதான். பெற்றவள் ஒருவேளை, நம்ம பிள்ளை இல்லை என்று பேப்பரை மடித்து வைத்துவிடலாம்.

முதலில் கிராப் செய்தேன். முகம், இரண்டு காது, சட்டைக் காலர், அவ்வளவுதான். பிறகு பிக்சலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்தேன். ஏட்டையா மணியைப் பார்த்தார். ஓர் அளவு வந்ததும் காது கரைந்து, திரையில் மறுபடி சரவணன் கிடந்தான். ஒரு படி பின்னால் போனேன். அந்தப் பையன் திரும்பி வந்தான். அதுதான் அளவு என்று நிறுத்திக்கொண்டேன். கே.பி. எவ்வளவு என்று பிறகுதான் பார்த்தேன். மெயிலுக்குப் போதும். கடை மெயிலிலிருந்தே அனுப்பினோம். இந்தத் தடவை திரும்பி வரவில்லை.

ஏட்டையா போனபின் சரவணன் கூப்பிட்டான். “கிளாஸ்ல இருந்தேம்மா. என்ன?”

“சும்மாதான். என்ன சட்டைடா போட்டிருக்க?”

“இதுக்கா இத்தன போனு? பச்சை” என்றான்.

அடுத்த வாரம் ஏட்டையாவோடு ஓர் அம்மா வந்தார். மேலூர்ப் பக்கம், வயக்காட்டு வேலை. டீக்கடைப் பேப்பரில் படத்தைப் பார்த்த யாரோ வீட்டில் வந்து சொல்லியிருக்கிறார்கள். பையன் கண் திறந்துவிட்டான், கஞ்சி குடிக்கிறான் என்றார் ஏட்டையா. அந்த அம்மாவை உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. கணினியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“எம்புள்ள படம் இதுலயா இருக்கு?”

“ஆமாக்கா.”

“அழிச்சிரு தாயி. அந்தக் கோலத்துல அவன் எங்கயும் இருக்க வேணாம்.”

கடையில் தங்கியிருந்த நகலை அவர் கண் முன்னால் அழித்தேன். கணினியின் குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன். அப்போது, வெளியே போனதை என்ன செய்வது என்று கேட்டார். போன மெயிலைத் திரும்பக் கூப்பிட முடியாது.

“அதுல மொகம் மட்டுந்தாங்க்கா இருக்கு. கட்டிலு, காயம்பட்ட ஒடம்பு, எதையும் நான் அனுப்பல” என்றேன்.

“மொகம் இருக்கட்டும்” என்றார். “அத வச்சுத்தான எங்கிட்ட வந்து சொன்னாக.”

அவர் மகன் இப்போது நன்றாக இருக்கிறான் என்று கேள்வி. எனக்குத்தான் அந்தப் படபடப்பு இன்னும் முழுக்க அடங்கவில்லை. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான். சுருக்குவதற்கு முன் வெட்டுங்கள், வேண்டாததை வெளியே அனுப்பாதீர்கள். சுருக்கிய படத்தை அதே அளவில் வைத்து ஒரு நிமிடம் பாருங்கள். அது வேறு வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம் என்று தோன்றினால் ஒரு படி பெரிதாக்குங்கள். மெயில் திரும்பி வந்தால் வரட்டும், மறுபடி அனுப்பிக்கொள்ளலாம்.